இசைவு எவருடையது?

ஆங்கிலச் சட்டங்களில் வரும் ‘கன்சென்ட்’ தமிழில் ‘இசைவு’ ஆகிறது. மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்கு அளிப்பது ‘இசைவாணை’. இசைதல் என்பது மனமொப்புதல். ஆனால் இங்கே இசைபவர் அரசு அலுவலர். ஆலை மதிலுக்கு வெளியே குடியிருப்பவர் அல்லர். அவர் இசைய வேண்டுமெனில், எதற்கு இசைகிறோம் என்பது முதலில் அவருக்குத் தெரிய வேண்டும்.

பிரிட்டனில் 1974 ஜூன் 1 அன்று ஃபிளிக்ஸ்பரோ வேதியாலை வெடித்து 28 பேர் மாண்டனர். அங்கே 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரம்பளவை மீறி அபாயகரப் பொருளை ஓரிடத்தில் வைத்திருக்கக் கட்டட அனுமதி போதாது. தனி இசைவு தேவை. எந்தப் பொருள், எவ்வளவு, எங்கே என்பவை அதன் மையக் கேள்விகள். 2008ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் வரும் பெருந்திட்டங்களில், ஒட்டுமொத்த ஆணையோடு சேர்த்தே இவ்விசைவும் வழங்கப்பட்டதாகக் கொள்ளப் பணிக்கலாம்.

இவ்வாறு இணைப்பதில் நியாயம் உண்டு. ஒரு திட்டத்தைத் துண்டு துண்டாக ஆராய்ந்தால் முழு அபாயமும் எவர் கண்ணிலும் படாது. எனினும் ஓர் ஆபத்தும் உண்டு: பல தொகுதிகளாக விரியும் ஆவணங்களுக்குள் ‘எவ்வளவு?’ என்ற கேள்வி அமிழ்ந்துபோகலாம். அங்கே சட்டம் அக்கேள்விக்குத் தனிப்பெயராவது சூட்டியிருக்கிறது. நம்மிடம் அதுவும் இல்லை.

1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்த பின்னரே நாம் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தையும், 1989இல் அபாயகர வேதிப்பொருள் விதிகளையும் இயற்றினோம். பொருள்வாரியான வரம்பளவுகள் அவ்விதிகளில் உள்ளன. ஆனால் மக்கள் வாய் திறக்கும் இடம் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி நடக்கும் பொதுவிசாரணை. அதற்கான தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் அபாய மதிப்பீடு ‘கூடுதல் ஆய்வுகள்’ என்ற இயலுள் ஓர் உட்பிரிவு. மாநில மொழியில் கட்டாயமாகத் தர வேண்டியதோ அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. சுருக்கும்போது எது விடுபடும் என்பதைச் சுருக்குபவரே முடிவு செய்கிறார்.

2020இல் அந்த அறிவிக்கைக்கு மாற்றாக வந்த வரைவை எட்டாம் அட்டவணை மொழிகளில் பெயர்த்து வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒன்றிய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மொழிபெயர்ப்பு இங்கே நிர்வாகச் சுமையாகவே எண்ணப்படுகிறது.

ஆலைக்கு வெளியே உள்ளோருக்கு விபத்து அபாயத்தை அறிவிக்கும் கடமையை 1989 விதிகள் ஆலையை நடத்துவோர்மேல் சுமத்துகின்றன. தொழில் தொடங்குமுன் அறிவித்தால் போதும். அதற்குள் அனுமதி கிடைத்து ஆலையே எழுந்துவிடும். அவ்வறிவிப்பு பொதுவிசாரணைக்கு முன்பே வர வேண்டும் என்பதே என் வாதம். பொருளின் பெயர், வைக்கப்படும் உச்ச அளவு, அருகிலுள்ள வீட்டின் தொலைவு, கசிந்தால் செய்ய வேண்டியது ஆகிய நான்கும் ஊர் மொழியில் ஒரே தாளில் அடங்கும்.

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘வரம்பளவு’, ‘அபாய மதிப்பீடு’ போன்ற சொற்களை அகராதியில் சேர்த்ததோடு நில்லாமல், அடுத்த பொதுவிசாரணை அறிவிப்பு வரும்போது அச்சுருக்கத்தை ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். விடுபட்ட எண்களைப் பட்டியலிட்டு, விசாரணை நாளுக்கு முன்பே எழுத்துவழி ஆட்சேபமாக அனுப்புங்கள்.