இருவர் செலுத்தும் ஓடம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் தொடங்கி, கானடாவின் மேற்குக் கரையோரமாக அலாஸ்கா வரையில், தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஒரு நீர்வழி செல்கிறது. அதற்கு 'உள் மார்க்கம்' என்று பெயர். நீளம் சுமார் 1,000 மைல். பெருங்கடலின் அலைகளைத் தீவுகள் தடுத்துக்கொள்வதால், கோடையில் சிறு பாய்மரப் படகுகளில் கணவனும் மனைவியுமாகவே அங்கே யாத்திரை செய்வோர் உண்டு.

அலை இல்லையென்றால் அபாயமும் இல்லை என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. கடல்நீர் ஏறி வடியும்போது, குறுகிய கால்வாய்களில் அது காட்டாற்று வெள்ளமாகப் பாய்கிறது. வான்கூவர் தீவை ஒட்டிய ஸெய்மூர் ஜலசந்தியில் அதன் வேகம் மணிக்கு 15 கடல் மைல் வரை போவதுண்டு. சிறு பாய்மரப் படகோ 6 மைலைத் தாண்டுவது அரிது. அங்கே நீருக்கடியில் மறைந்திருந்த 'ரிப்பிள்' பாறை பல கப்பல்களைப் பலிகொண்டது. 1958-ஆம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி, அடியில் சுரங்கம் தோண்டி வெடிவைத்து அதன் சிகரங்களைத் தகர்த்தார்கள். பாறை ஒழிந்தது, வெள்ளம் ஒழியவில்லை.

ஆகவே, அங்கே முதல் வித்தை காத்திருத்தலே. வெள்ளம் திசை திரும்புமுன் நீர் சில நிமிஷங்கள் அடங்கி நிற்கும். அட்டவணையைப் பார்த்து அவ்வேளையை ஒருவர் கூற, மற்றவர் சுக்கான் பிடிக்கிறார். வேளை தப்பினால் ஏறக்குறைய ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். "போகலாம்" என்று ஒருவரும் "பொறுக்கலாம்" என்று ஒருவரும் சொன்னால், பொறுக்கச் சொன்னவர் வார்த்தையே நிற்பது நலம்.

நம் இல்லங்களிலோ அட்டவணையும் சுக்கானும் பெரும்பாலும் ஒருவர் கையிலேயே இருக்கின்றன. மற்றவர் வெறும் பிரயாணி. இரண்டையும் இருவரும் அறிந்திருந்தாலன்றோ, ஒருவர் நோயுற்ற நாளிலும் ஓடம் கரை சேரும்?