காளைக்கு டோக்கன் இருக்கிறது, கணக்கு எங்கே?

2025 பொங்கலுக்கு முந்தைய வாரம். ஹாஸ்டலில் பாதி அறை காலி. என் ரூம்மேட் மட்டும் ஊருக்குக் கிளம்பாமல் செல்போனை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"என்னடா, ரிசல்ட்டா?" என்றேன்.

"இல்ல மாப்ள, எங்க சித்தப்பா மாட்டுக்கு டோக்கன் போடணும். போட்டோ ஏறவே மாட்டேங்குது."

அவன் மதுரை மாவட்டத்துக்காரன். நான் காட்டுமன்னார்கோயில் பக்கம். எங்கள் ஊரில் மாட்டுப் பொங்கல் என்றால் கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு மாலை, வாய்க்குப் பொங்கல், அவ்வளவுதான். வாடிவாசலை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு மாட்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடுவதே எனக்கு வேடிக்கையாக இருந்தது. சித்தப்பாவும் மாடும் சேர்ந்து நிற்கும் படம், கால்நடை மருத்துவர் கொடுத்த தகுதிச் சான்று, ஆதார் என்று ஒவ்வொன்றாக ஏற்றினான். எனக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட்ட ஞாபகம் வந்தது :-)

டோக்கன் கிடைத்தது. மாடு அவிழ்த்துவிடப்பட்டது, பிடிபடாமல் வந்தது, சித்தப்பாவுக்குப் பரிசும் கிடைத்தது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து வண்டியிலிருந்து இறக்கும்போது பின்னங்கால் பிசகிவிட்டது. சில மாதம் வைத்தியம் பார்த்தார்கள். சரியாகவில்லை.

ஆடி மாதம் ஒருநாள் மெஸ்ஸில் சாப்பிடும்போது சும்மா கேட்டேன், "உங்க மாடு எப்படிடா இருக்கு?"

"வித்தாச்சு."

"யாருக்கு?"

"ஒரு வியாபாரிக்கு."

"அப்புறம்?"

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். அந்தக் கன்றுக்குட்டிக்குப் பெயர் வைத்ததே அவன்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த "அப்புறம்?" தான்.

ஒரு நாள் பதிவு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜல்லிக்கட்டுக்கு எதிரி இல்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் பள்ளிக்கூட வாசலிலும் அண்ணன்கள் தட்டி பிடித்து நின்றார்கள். என்ன ஏது என்று புரியாமலே நானும் கத்தியிருக்கிறேன்.

அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. 2009-ல் தமிழக அரசு ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2011-ல் மத்திய அரசு, காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இருந்த பட்டியல் அது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017-ல் போராட்டம், அவசரச் சட்டம், அப்புறம் தமிழகத்தின் சட்டத் திருத்தம், அதற்கான விதிகள். 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்த விதிகள் வந்ததால்தான் இன்று காளைக்குப் பதிவு, மருத்துவப் பரிசோதனை, ஓய்வு, தண்ணீர், நிழல் எல்லாம் கட்டாயம். போதைப்பொருள் கொடுத்திருந்தாலோ கண்ணில் எதையாவது தடவியிருந்தாலோ வெளியே அனுப்பிவிடுவார்கள். பழைய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். யாரும் மறுக்க முடியாது.

ஆனால் கவனித்துப் பாருங்கள். இந்த விதிகள் எல்லாமே போட்டி நாளைச் சுற்றித்தான். 2025 பொங்கலுக்கு மதுரை மாவட்டத்தின் மூன்று பெரிய போட்டிகளுக்கு மட்டும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காளைகள் பதிவாயின. அவற்றில் எத்தனை அடுத்த பொங்கலுக்கு இருந்தன, எத்தனை விற்கப்பட்டன, எத்தனை செத்தன என்று அந்தப் பதிவைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. அது அதற்காகப் போட்ட பதிவே இல்லை. அது ஒரு நுழைவுச் சீட்டு. சினிமா முடிந்ததும் டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறோமே, அந்த மாதிரி.

நாய் ஓட்டுகிறவர்கள் கற்ற பாடம்

விலங்கை ஓட விடுகிற மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடியபோது கிரேஹவுண்ட் பந்தயம் கண்ணில் பட்டது. கிரேஹவுண்ட் என்பது நம்ம சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒட்டிய வயிறும் நீண்ட காலும் உள்ள நாய். பொம்மை முயலை இயந்திரத்தில் ஓடவிட்டு, பின்னால் நாய்களை விரட்டவிட்டுப் பணம் கட்டுவார்கள். இங்கிலாந்தில் 1926-ல் மான்செஸ்டரில் ஆரம்பித்தது.

அங்கே நாயின் உரிமையாளர் பதிவு செய்ய வேண்டும். பயிற்சியாளருக்குத் தனியாக உரிமம் வேண்டும். நாயின் காதில் அடையாளம் குத்தியிருக்கும். நாய்க்கு ஏதாவது மருந்து கொடுத்தது தெரிந்தால் முதலில் பயிற்சியாளர் பதில் சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரொம்ப காலம் அவர்கள் பதிவும் நம்முடையது மாதிரிதான் இருந்தது. நாய் ஓடும்வரை பக்கம் பக்கமாகக் கணக்கு, ஓடி முடித்ததும் வெற்றுத் தாள்.

கிரேஹவுண்டுக்கு மூன்று, நான்கு வயதில் பந்தய வாழ்க்கை முடிந்துவிடும். ஆயுளோ பன்னிரண்டு வருஷம் வரை. மீதிக் காலம்?

2006-ல் லண்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை அதைக் கண்டுபிடித்து எழுதியது. டர்ஹாம் பகுதியில் கட்டடச் சாமான் வியாபாரி ஒருவர், பந்தயத்துக்கு உதவாத நாய்களை ஆளுக்குப் பத்து பவுண்ட் வாங்கிக்கொண்டு கொன்று தன் நிலத்தில் புதைத்து வந்திருக்கிறார். பதினைந்து வருஷத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கும் என்றது அந்தச் செய்தி. அவருக்கு என்ன தண்டனை தெரியுமா? அனுமதி இல்லாமல் கழிவைப் புதைத்ததற்காக 2,000 பவுண்ட் அபராதம். நாயைக் கொன்றதற்கு வழக்கே இல்லை. சட்டத்தின் கண்ணில் அது குப்பை கொட்டிய குற்றம்.

அதன் பிறகுதான் விசாரணை, புதிய நிர்வாக அமைப்பு, 2010-ல் தனி விதிகள் என்று வரிசையாக வந்தன. 2020-ல் இன்னொன்று கொண்டுவந்தார்கள். நாயை முதலில் பதிவு செய்யும்போதே 400 பவுண்ட் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பாதி உரிமையாளர், பாதி நிர்வாகம். நாய் ஓய்வுபெற்று ஒரு காப்பகத்துக்குப் போகும்போது அந்தப் பணம் அதன் பராமரிப்புக்குப் போகும். உள்ளே வரும் அன்றைக்கே வெளியே போகும் செலவுக்கும் வழி செய்துவிடுகிறார்கள்.

இதைச் செய்யாமல் காலம் கடத்தியவர்கள் கதை வேறு மாதிரி முடிந்தது. நியூசிலாந்தில் 2017-ல் வந்த ஹேன்சன் அறிக்கை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் எங்கே போயின என்பதற்குக் கணக்கே இல்லை என்றது. 2021-ல் அரசு கடைசி எச்சரிக்கை மாதிரி ஒன்று கொடுத்தது. 2024 டிசம்பரில் பந்தயத்தையே தடை செய்யப் போவதாக அறிவித்துவிட்டது. அந்த விளையாட்டின் கழுத்தைப் பிடித்தது கணக்கில் வராத அந்த நாய்கள்தான்.

நம்ம கிண்டி குதிரைப் பந்தயத்தையும் பார்த்தேன். அங்கே பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் கிளப் உரிமம் கொடுக்கிறது. குதிரை பிறந்ததுமே வம்சாவளிப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. இருபது வருஷத்துக்கு மேல் நடந்த அந்த வழக்கின் முக்கியக் கேள்வி, இது சூதாட்டமா திறமையா என்பது. ஓடி முடித்த குதிரை எங்கே போகிறது என்பது கேள்வியாகவே இல்லை.

பி.காம். படித்த மூளைக்கு எட்டியது

நான் படிப்பது வணிகவியல். கணக்குப்பதிவியலில் நிலைச் சொத்துப் பதிவேடு என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். நாற்காலி, மின்விசிறி, லாரி எதுவானாலும் வாங்கிய தேதி, விலை, வருஷா வருஷம் தேய்மானம் எழுத வேண்டும். கடைசிக் கட்டம் ரொம்ப முக்கியம்: எந்தத் தேதியில் கழித்தோம், யாருக்கு விற்றோம், என்ன கிடைத்தது. அந்தக் கட்டம் காலியாக இருந்து பொருளும் இல்லை என்றால் தணிக்கையாளர் விடமாட்டார்.

ஒரு கம்பெனியின் பழைய மின்விசிறிக்கு இருக்கிற இந்த மரியாதை, ஊரே கைதட்டிய ஒரு காளைக்கு இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான். உயிரை சொத்து என்று சொல்வது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் சொத்துக்குக் கொடுக்கிற கவனத்தையாவது கொடுக்க வேண்டாமா?

இதற்குப் புது இயந்திரம் எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை மாட்டும் திட்டம் ஏற்கனவே நாடு முழுக்க இருக்கிறது. தடுப்பூசிக்கும் அதே எண்தான். ஜல்லிக்கட்டு டோக்கனை அந்த எண்ணோடு நிரந்தரமாகக் கட்டிவிட வேண்டும். ஒருமுறை வாடிவாசலுக்கு வந்த காளை கை மாறினால், காயம்பட்டால், இறந்தால் பதிவில் ஏற வேண்டும். அதைச் சொல்லாதவருக்கு அடுத்த வருஷம் வேறு மாட்டுக்கு டோக்கன் கிடையாது. இவ்வளவுதான் நான் கேட்பது.

எதிர்ப்பக்கம் என்ன சொல்லும்?

இதை ரூம்மேட்டிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாய்ப் பந்தயக்காரன் பணத்துக்காக ஓட்டுறான். எங்க சித்தப்பா பருத்திக்கொட்டை, புண்ணாக்குன்னு கைக்காசைப் போட்டு வளர்த்தாரு. ஒரு அண்டாவும் கட்டிலும் கிடைச்சா அதுவே பெரிசு. அவர் தலையில இன்னொரு ஃபாரமா? கால் போன மாட்டை வச்சு அவர் எத்தனை வருஷம் தீனி போடுவாரு?"

நியாயமான கேள்வி. நான் யோசித்து வைத்திருந்ததில் ஒரு பாதி அங்கேயே அடிபட்டுப் போனது. கிரேஹவுண்ட் உரிமையாளரிடம் கேட்பதை அப்படியே அவன் சித்தப்பாவிடம் கேட்க முடியாது. அவர் சம்பாதிக்கவில்லை, செலவுதான் செய்கிறார். அவருக்குப் பாரம் ஏற்றினால் அவர் பொய்தான் எழுதுவார், அல்லது மாடு வளர்ப்பதையே விட்டுவிடுவார்.

ஆனால் மேடையில் பாருங்கள். காரும் டிராக்டரும் பரிசாக நிற்கின்றன. பேனரில் விளம்பரதாரர் பெயர்கள். பணம் இல்லாத இடம் இல்லை அது. பணம் போகும் திசைதான் வேறு. ஜெயித்த மாட்டுக்கு டிராக்டர் தர முடிகிற நம்மால், கால் உடைந்த மாட்டுக்குத் தீனி தர முடியாதா? ஒவ்வொரு போட்டியின் பரிசுத் தொகையிலும் விளம்பரப் பணத்திலும் ஒரு பங்கை ஓய்வுபெற்ற காளைகளுக்கு ஒதுக்கலாம். பதிவை ஒழுங்காக வைத்திருக்கும் மாட்டுக்காரருக்கு அதிலிருந்து மாதாமாதம் தீவனத் தொகை கொடுக்கலாம். அப்போது அந்தப் பதிவு அவருக்குத் தொல்லையாக இருக்காது, லாபமாக இருக்கும். உண்மை எழுதினால் பணம் வரும் என்றால் யார் பொய் எழுதப் போகிறார்கள்?

இன்னொரு பயமும் அவனுக்கு இருந்தது. கணக்கு வெளியே வந்தால் அதை வைத்தே மறுபடி தடை கேட்பார்களே என்று. கேட்கலாம். ஆனால் ஜல்லிக்கட்டு இருந்தால்தான் புலிக்குளம், காங்கேயம் மாதிரி நாட்டு மாடுகள் பிழைக்கும் என்று நாம் நீதிமன்றம் வரை போய்ச் சொன்னோம். அது உண்மை என்றால் அதைக் காட்ட இந்தக் கணக்கைவிட நல்ல சாட்சி என்ன இருக்கிறது? உண்மை இல்லை என்றால், அதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்தான். கணக்கை மறைத்து ஒரு விளையாட்டைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு நியூசிலாந்து கண் முன்னே இருக்கிறது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான், "மாசம் தீனிக்கு யாராச்சும் ஏதாச்சும் குடுத்திருந்தா சித்தப்பா வித்திருக்க மாட்டாருடா. வித்த அன்னிக்கு அவரு சாப்பிடவே இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. அவரை விற்க வைத்த ஏற்பாட்டில்தான் ஓட்டை இருக்கிறது. டோக்கன் போடும் பக்கத்தில் இன்னும் ஒரே ஒரு கட்டம் சேர்த்தால் அந்த ஓட்டையை அடைக்க ஆரம்பிக்கலாம்: "இந்தக் காளை இப்போது எங்கே இருக்கிறது?"

இப்போது சித்தப்பா வீட்டுத் தொழுவத்தில் ஒரு புதுக் கன்று நிற்கிறதாம். இந்தமுறை அவன் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து நண்பர்கள் யாராவது படித்தால், நான் சொன்னதில் தப்பு இருந்தால் திருத்துங்கள். மாடு வளர்ப்பவர்கள் திட்டினாலும் பரவாயில்லை, கேட்டுக்கொள்கிறேன் :-)