ஊசி போட்ட மீன் என்று ஒதுக்க வேண்டுமா?

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பவிருந்த ஒருவருக்கு அண்மையில் உணவுமுறையை விளக்கிக் கொண்டிருந்தேன். உடனிருந்த அவருடைய மகள், "மீன் மட்டும் வேண்டாம் மேடம், பண்ணை மீனுக்கெல்லாம் ஹார்மோன் ஊசி போடுகிறார்களாம்" என்றார். இவ்வாறு கேட்பவர் பலர். புண் ஆற வேண்டிய காலத்தில், எளிதில் செரிக்கும் புரதத்தை ஓர் அச்சத்தின் பொருட்டு ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஊசி போடுவது உண்மையே. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை ஆற்று மீன்கள். பருவமழை வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய குளத்தில் சினை முதிர்ந்தாலும் அவை முட்டையிடுவதில்லை. ஆகவே முற்காலத்தில் ஆறுகளில் குஞ்சுகளைப் பிடித்தே குளங்களில் விட்டனர். வேண்டாத இனங்களும் கலந்துவிடும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில், ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்திக் கெண்டை இன மீன்களை முட்டையிடச் செய்தார். ஜூலை 10 இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இப்போது பரவலாகப் பயன்படும் ஊசிமருந்தில் இரு பொருள்கள் உள்ளன. ஒன்று, மூளை பிட்யூட்டரிக்கு அனுப்பும் ஹார்மோனைப் போல ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. மற்றொன்று டோம்பெரிடோன், ஆம், வாந்திக்காக நம் மருந்துச் சீட்டிலும் எழுதப்படும் அதே மருந்துதான். மீனின் உடலில் டோபமின் இடும் தடையை அது விலக்குகிறது. தாய்மீனின் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ அரை மில்லிலிட்டர் போதும். மாலையில் ஊசி போட்டால் பெரும்பாலும் விடிவதற்குள் முட்டையிட்டுவிடும். குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் மகளிருக்குப் போடப்படும் சில ஊசிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

ஊசி இனப்பெருக்கத்திற்கான மீன்களுக்கு மட்டுமே. நம் தட்டுக்கு வருவது அவற்றின் குஞ்சு. தவிடும் பிண்ணாக்கும் தின்று பல மாதங்கள் வளர்ந்தது. அந்த ஹார்மோன் புரதத் துணுக்கு வகையைச் சேர்ந்தது. உடலில் விரைவில் சிதைந்துவிடும், உண்டாலும் குடலில் செரித்துவிடும். இன்சுலினை விழுங்காமல் ஊசியாகப் போடுவதும் இக்காரணத்தாலேயே.

எனினும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்கச் சொல்லவில்லை. ஊசி போட்ட தாய்மீனை மறுநாளே சந்தைக்கு அனுப்புவது முறையன்று. திலாப்பியாக் குஞ்சுகளை ஆணாக்கத் தீவனத்தில் மெத்தில் டெஸ்டோஸ்டீரோன் கலப்பது முற்றிலும் வேறு செயல். அது ஸ்டீராய்டு, செரிமானத்தில் அழிவதன்று. முதல் சில வாரங்களோடு அது நிறுத்தப்படுகிறது என்றாலும், அதைக் கையாளும் தொழிலாளர் குறித்தும் வெளியேறும் நீர் குறித்தும் எழும் கேள்விகள் நியாயமானவை.

சிறுநீரக நோயாளர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. மற்றவர்கள் செவுளின் சிவப்பையும் தசையின் உறுதியையும் பார்த்து வாங்குக.

அந்த மகள் இறுதியில் கேட்டது முள்ளைப் பற்றி. வால்பக்கத்தில் நுண்முள் மிகுதி; அப்பாவுக்கு வயிற்றுப்பகுதித் துண்டாகக் கேட்டு வாங்குங்கள் என்றேன்.