இன்னும் ஓராண்டு

ஒரு வீட்டின் செல்வம் முன்கூடத்தில் தெரியும். அவ்வீட்டாரின் உழைப்பு கொல்லைப்புறத்தில் தெரியும். இவ்விரண்டில் எது பெரிது என்று பேச்சுப் போட்டியில் கேட்டால், உழைப்பே என்று நாம் அனைவரும் முழங்குவோம். ஆனால் இன்று தெருத்தெருவாகக் கொல்லைகள் சிமென்டுத் தளத்தின் அடியில் மறைந்து வருகின்றன. சென்ற வைகாசியில் எங்கள் வீட்டுக் கொல்லையையும் அளந்து போகக் கொத்தனார் வந்துவிட்டார். அன்று எங்கள் வீட்டில் எழுந்த வாதத்தையும், அதில் நாங்கள் பெற்ற பாடத்தையும் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அப்பாவின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. "மூன்று வருடமாகப் பார்க்கிறேன். விதைக்கும் வேப்பம்பிண்ணாக்குக்கும் கொடுத்த பணத்தில் வருடம் முழுக்கச் சந்தையில் காய் வாங்கியிருக்கலாம்" என்றார். கணக்குப் பார்த்தால் அது உண்மைதான். கத்தரிச் செடிகள் தளதளவென்று வளரும். திடீரென்று நுனித்தண்டு வாடித் தொங்கும். பிளந்து பார்த்தால் உள்ளே புழு இருக்கும். நான்கு பப்பாளிக் கன்றுகள் நட்டோம். கன்று ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாதல்லவா? இரண்டு ஆணாகப் போயின. மற்ற இரண்டிலும் மாவு தூவியது போல வெள்ளைப் பூச்சி அப்பிக் கொண்டது.

ஆனால் தோட்டம் எங்களுக்கு நட்டத்தை மட்டும் தரவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது எங்கள் முருங்கை வேரோடு சாய்ந்தது. ஒடிந்த கிளையில் ஒரு போத்தை வெட்டி அம்மா மூலையில் ஊன்றி வைத்தார். இன்று எங்கள் வீட்டுச் சாம்பாருக்குக் காய் தருவது அந்தப் போத்துதான். மாவுப்பூச்சி வந்த பப்பாளிக்கு மருந்தடிக்காமல் தண்ணீரைப் பீய்ச்சியே கழுவினோம். ஒன்று பட்டுப்போனது, மற்றொன்று பிழைத்தது. இந்தப் பூச்சி 2008-ஆம் ஆண்டு கோவைப் பகுதியில் தோன்றிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைப் பாழாக்கியது. மருந்துகளுக்கு அடங்காத அதனை, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட, கடுகினும் சிறிய ஒரு குளவியே அடக்கியது. ஆண்டவனின் படைப்பில் அற்பமானது எது?

அப்பாவின் இரண்டாவது காரணம்தான் எங்களைத் தலைகுனிய வைத்தது. சென்ற பங்குனியில் அம்மா சிக்குன்குனியா காய்ச்சலில் படுத்துவிட்டார். மூட்டுவலியால் மூன்று வாரம் ஒரு செம்பைக்கூடத் தூக்க முடியவில்லை. "இந்தத் தோட்டத்துக் கொசுதான் உங்கள் அம்மாவைப் படுக்க வைத்தது" என்றார் அப்பா. அக்காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு செடியில் பிறப்பதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரில் பிறக்கிறது. செடிகளுக்காகத் தண்ணீர் பிடித்து வைத்த பீப்பாய் எங்கள் கொல்லையில் திறந்தே கிடந்தது. அதை மூடி வைப்பதும், வாரம் ஒருமுறை கவிழ்த்து உட்புறம் தேய்த்துக் கழுவுவதும் பிள்ளைகளாகிய எங்கள் மூவருக்கும் அம்மா சொல்லியிருந்த வேலை. நாங்கள் செய்யவில்லை.

அதுமட்டுமா? அம்மா படுத்திருந்த அந்த நாட்களில் எங்களில் ஒருவர்கூடச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. பரீட்சை, படிப்பு என்று சாக்குச் சொன்னோம். அவர் எழுந்து வந்து கொல்லைக் கதவைத் திறந்தபோது கத்தரியும் வெண்டையும் கருகிக் கிடந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நம் வீட்டுக்குத் தோட்டம் ராசியில்லை" என்று நாங்கள்தான் சொன்னோம். திண்ணையிலிருந்த அப்பாயி திரும்பிப் பார்த்து, "மண்ணுக்கா ராசியில்ல? உங்க மூணு பேருக்கும் வாளி தூக்கக் கையில்லையா?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

நற்செய்தியில் வரும் காய்க்காத அத்திமரத்தின் உவமை நாம் அறிந்ததே. மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி ஏமாந்த உரிமையாளர் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். அவர் வெறுமனே கெஞ்சவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுற்றிலும் கொத்தி எருப்போடும் வேலையைத் தாமே ஏற்றுக்கொள்கிறார். உழைக்க முன்வராதவருக்குத் தவணை கேட்கும் உரிமை ஏது? நாங்களும் அப்பாவிடம் அப்படியே கேட்டோம். அதோடு ஒரு கணக்கும் காட்டினோம். எங்கள் கொல்லை 20 அடி நீளம், 15 அடி அகலம், அதாவது ஏறக்குறைய 28 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது 1,400 லிட்டர் தண்ணீர். தளம் போட்டால் அது சாக்கடைக்குப் போகும். மண்ணாக இருந்தால் கிணற்றுக்குப் போகும். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில் வாழ்ந்துகொண்டு, மழைநீரைத் தானே குடிக்கும் மண்ணை மூடுவது முறையா?

அப்பா சிறிது நேரம் யோசித்து, "வருகிற பங்குனி வரை பார்க்கலாம்" என்றார்.

ஆடியில் விதைத்தோம். கீரை விதையில் பாதியை எறும்பு தூக்கிப்போனது, மறுபடி தூவினோம். ஐப்பசி மழையில் மிளகாய் அழுகியது. ஆனால் அவரை பந்தலேறிப் பூத்திருக்கிறது. அண்ணன், தம்பி உட்பட மூவருக்கும் முறை உண்டு. பீப்பாய்க்கு இப்போது மூடியும் உண்டு. சனிக்கிழமைதோறும் தேய்ப்பும் உண்டு. அம்மா மணைப்பலகையில் உட்கார்ந்து வேலை சொல்கிறார், நாங்கள் செய்கிறோம். பங்குனியில் என்ன தீர்ப்பு வருமோ, அறியோம்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைக் காட்டுப்பூக்கள் வளர்வதற்காக அப்படியே விடச் சொன்னார் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட தமது சுற்றுமடலில் நினைவூட்டினார். முழுத் தோட்டமும் நமக்கே என்று எண்ணாதவர் அவர். நாமோ ஒரு பிடி மண்ணைக்கூட விட்டுவைக்க மனமில்லாதிருக்கிறோம்.

அன்புத் தோழியரே! பத்தாம் வகுப்புத் தேர்வு நமக்குப் பெரிதுதான். ஆயினும் நாளுக்குப் பத்து நிமிடம் வாளி தூக்கினால் மதிப்பெண் குறைந்துவிடாது. தோட்டம் அம்மாவின் வேலை என்றும், காய் மட்டும் நம்முடையது என்றும் இனி எண்ணாதிருப்போம். பெற்றோரே! கொத்தனாரை அழைக்குமுன் உங்கள் பிள்ளைகளின் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்துப் பாருங்கள். இன்னும் ஓராண்டு பொறுங்கள்.