அகராதி சொல்லாத பொருள்



சில வாரங்களுக்கு முன் எமது மாலை மதரஸாவில் ஒரு மாணவன் சூரத்துல் ஃபாத்திஹாவை ஓதுகையில் ஸாத் எழுத்தை ஸீனாக உச்சரித்தான். அருகிலிருந்த சுமைதூக்கும் தொழிலாளியின் மகன் மெல்லிய குரலில் அதைத் திருத்தினான். ஓதியவன் வசதியான வீட்டுப் பிள்ளை. ஆங்கிலப் பள்ளியில் பயில்பவன். அவன் திரும்பி, "அப்பிட்டி" என்றான். பொருள் என்னவென்று வினவினேன். "பெருமை பிடித்தவன், உஸ்தாத்" என்றான். நானும் அதை நம்பி, திருத்தியவனுக்கே பெருமையின் கேட்டைப் பற்றி உபதேசம் செய்தேன்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். தன்னை மிகையாக உயர்த்தி எண்ணுபவன் என்றே அதிலும் இருந்தது. ஆயினும் அந்தப் பிள்ளையின் தலைகுனிந்த முகம் உறங்கவிடவில்லை. அச்சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அப்பிட்டி அமெரிக்கத் தென் மாநிலங்களில் வளர்ந்த சொல். ஜார்ஜியாவைச் சேர்ந்த ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் 1880இல் வெளியிட்ட அங்கிள் ரீமஸ் கதைகளில், கதை சொல்லும் கறுப்பின முதியவர் ஒரு சிட்டுக்குருவியை இவ்வாறு குறிப்பிடுகிறார். அச்சில் கிடைக்கும் பழைய சான்றுகளுள் அது ஒன்று. குருவியைச் சுட்டிய சொல், பின்னர் வெள்ளையரின் வாயில் மனிதரைச் சுட்டலாயிற்று. எத்தகைய மனிதரை? நடைபாதையில் வெள்ளையருக்கு ஒதுங்காத கறுப்பரை, நல்லுடை உடுத்தியவரை, கூலிக் கணக்கில் நியாயம் கேட்டவரை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய கறுப்பினப் படைவீரர்கள், சீருடையுடன் தெருவில் நடந்ததற்காகவே தாக்கப்பட்டதுண்டு. ஆக, அச்சொல் குணத்தை அளக்கவில்லை, இடத்தை அளந்தது. நாங்கள் குறித்த இடத்தை விட்டு நீ ஏன் எழுந்தாய் என்பதே அதன் உட்பொருள். அதே நிமிர்வு வெள்ளைப் பண்ணையாரிடம் இருந்தால் அதற்குக் கண்ணியம் என்று பெயர்.

2008இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் லின் வெஸ்ட்மோர்லண்ட், ஒபாமாவையும் அவர் துணைவியாரையும் இச்சொல்லால் குறித்தார். கண்டனம் எழுந்தபோது, அதில் இனப் பொருள் இருப்பதாகத் தாம் கேட்டதே இல்லை என்று கூறி அகராதியைக் காட்டினார். ஜார்ஜியாக்காரர் ஒருவர் இதைக் கேட்டதில்லை என்பதை ஏற்பது எனக்குக் கடினம். ஆனால் அதே அகராதியை நம்பிய நான் அவரை ஏச எனக்கென்ன தகுதி?

இச்சொல்லைக் கேடயமாக ஏந்தியவரும் உண்டு. 1991இல் பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுக்குள்ளான நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், அப்பிட்டிக் கறுப்பர்களுக்கு எதிரான வேட்டை இது என்று செனட் விசாரணையில் முழங்கினார். குற்றம் சாட்டிய அனிதா ஹில்லும் கறுப்பினப் பெண்மணியே என்பதை அம்முழக்கம் மறைத்துவிட்டது.

பெருமையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, தம் ஆடையும் காலணியும் அழகாக இருக்க விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அண்ணலார் அதைப் பெருமை எனக் கூறவில்லை. சத்தியத்தை மறுப்பதையும் மக்களை இழிவாகக் கருதுவதையுமே பெருமை என்று விளக்கினார்கள். இந்த ஹதீஸை எத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன்! அன்று வகுப்பில் சரியான உச்சரிப்பைக் கூறியவன் ஒருவன். அதை ஏற்க மறுத்துச் சொன்னவனை இழித்தவன் மற்றொருவன். அளவுகோல் கையிலிருந்தும் தவறான பிள்ளையை அளந்துவிட்டேன். நம் வீடுகளில் "அவனுக்கு இவ்வளவு திமிரா?" என்று கேட்கையில், அழுத்தம் பெரும்பாலும் "அவனுக்கு" என்பதில்தானே விழுகிறது?

மறுநாள் வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் அந்த மாணவனிடம் மன்னிப்புக் கோரினேன். அவன் வெட்கப்பட்டு, "பரவாயில்லை உஸ்தாத்" என்றான். ஸாத் இன்னும் ஸீனாகவே இருந்தது. அவனையே அழைத்து மற்றவனின் அருகில் அமரச் செய்து, திருத்திக் கொடுக்கச் சொன்னேன்.