கொட்டிலில் நிற்கிற கார்

எங்கள் குடாநாட்டில் சில வளவுகளில் இன்னும் ஒரு பழைய மொறிஸ் மைனரோ ஒஸ்ரினோ கொட்டிலுக்குள் நிற்கிறது. அதை ஓடிய கணவரோ தகப்பனாரோ இன்று இல்லை. பிள்ளையின் படிப்புக்கு, வீட்டுக் கூரைக்கு என்று காசு தேவைப்படும்போது எங்கள் கண் அந்தக் காரில் விழுகிறது. தரகரின் கண் அதற்கு முன்பே விழுந்திருக்கும். “அக்கா, இது பழைய இரும்பு. ஏற்றிக்கொண்டு போற கூலிக்கும் காணாது” என்பார்.

இரும்பு என்றால் அவர் ஏன் மூன்றுதரம் படலைக்கு வருகிறார்?

2002 இல் ஏ9 பாதை திறந்தபோதும், 2009 இற்குப் பிறகும், தெற்கில் இருந்து பழைய கார் சேகரிப்போர் இங்கு வந்து வாங்கிப் போனார்கள். அவர்கள் தேடுவது பழைய எஞ்சின், பழைய இருக்கை, பழைய இலக்கத்தகடு. 1957 இல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வாகனங்களுக்கு வந்ததும், அதை எதிர்த்து எங்கள் மக்கள் போராடியதும் பலருக்குத் தெரியும். அதற்கு முந்திய ஆங்கில எழுத்து இலக்கம் உள்ள காருக்குத் தனி மதிப்பு. ஆகவே விற்க முன்னம் புதுப் பெயின்ற் அடித்துக் காசைக் கரைக்க வேண்டாம். கழற்றி வைத்த மூடி, விளக்கு எல்லாவற்றையும் பரணில் தேடி எடுத்துச் சேர்த்து வையுங்கள்.

“கொஞ்சம்தான் ஓடினது” என்று சொல்லி விற்கலாமா? வெளிநாட்டில் போர்ஷே, ஃபெராரி போன்ற விளையாட்டுக் கார்களை வருடத்தில் சில நாட்கள் மட்டும் ஓடிவிட்டு, குறைய ஓடியது என்று கூடிய விலைக்கு விற்பார்கள். பழுதுபார்த்த பதிவெல்லாம் அவர்களிடம் இருக்கும். எங்களுடையவை 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன. எங்கள் மீற்றரும் வேறு கதை. பழைய மொறிஸ் மீற்றரில் ஐந்து இலக்கம்தான். ஒரு இலட்சம் மைல் தாண்டினால் திரும்பவும் பூச்சியத்தில் தொடங்கும். அதோடு 1990களில் பெற்றோல் தடை இருந்தபோது சிறு போத்தல் பெற்றோலில் எஞ்சினை எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோமே! அந்த மணமும் புகையும் யாருக்கு மறக்கும்? முழுதாக எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை இளக்கிவிடும். அப்படி ஓடிய ஆயிரம் மைல், பெற்றோலில் ஓடிய பல ஆயிரம் மைலை விடக் கூடத் தேய்த்திருக்கும். ஓடாமல் நின்றாலும் பற்றறி இறக்கும், ரயர் வெடிக்கும், ரப்பர் குழாய் உக்கும். எனவே மீற்றரைக் காட்டிப் பேரம் பேசாமல், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு எஞ்சினை எடுத்துப் பார்த்துவிட்டு விலையைச் சொல்லுங்கள். ஒருவரின் விலையோடு நிற்காமல் மூன்று பேரிடமாவது கேளுங்கள். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறிய விதம் தரகருக்கு நன்றாகத் தெரியும்.

விலையை விட எனக்குப் பயம் பத்திரத்தில்தான். பெயர் மாற்றாமல், வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காரைக் கொண்டுபோவதை ‘ஓப்பின் பேப்பர்’ என்கிறார்கள். கார் கைமாறிக் கைமாறிப் போகும். எங்கோ விபத்து நடந்தால், ஏதாவது குற்றத்தில் அகப்பட்டால், பொலிஸ் முதலில் தேடுவது பதிவிலுள்ள பெயரை. ஆண் துணையில்லாத வீட்டுக்கு இரவில் பொலிஸ் வருவது என்னவென்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதிவு கணவரின் பெயரில் இருந்து அவர் இறந்திருந்தால், இறப்புச் சான்றிதழோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். அவர் காணாமற்போனவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் சட்டப்படி, இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம். காருக்காக மரணச் சான்றிதழ் எடுக்கும்படி யாராவது அவசரப்படுத்தினால் இணங்க வேண்டாம். ஆனால் இந்தச் சான்றிதழை மட்டும் காட்டி அவரின் பொருளை விற்றுவிடலாம் என்றும் நினைக்கக்கூடாது. சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் கேட்டுவிட்டு அடியெடுத்து வையுங்கள்.

விற்கும் நாளில் வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதி, திகதியும் நேரமும் எழுதிய பற்றுச்சீட்டு, நீங்கள் கையெழுத்திட்ட ஒவ்வொரு தாளினதும் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். காசு வங்கிக்கு வந்த பிறகு திறப்பைக் கொடுங்கள்.