பின்வருவோரின் பங்கு

இராக் நாடு வெற்றி கொள்ளப்பட்டபோது, அதன் வளமிக்க விளைநிலங்களைப் படைவீரர்களுக்கே பங்கிட்டுத் தர வேண்டுமென நாயகத் தோழர்கள் சிலர் வற்புறுத்தினர். பிலால் (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர். கலீபா உமர் (ரலி) அவர்கள் இணங்கவில்லை. நிலம் உழுபவரிடமே இருக்கட்டும். வரி பைத்துல்மாலில் சேரட்டும் என முடிவு செய்தார்கள். பின்னர் வருவோரைக் குறிப்பிடும் 'ஹஷ்ர்' அத்தியாய வசனத்தையே அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். பிறவாத தலைமுறைக்கும் அந்நிலத்தில் பங்குண்டு என்பது அவர்களின் வாதம்.

அன்பர்களே, கடலடி எண்ணெய்க்கு இவ்வாதம் இன்னும் அதிகமாகப் பொருந்தும் அன்றோ! நிலமாவது ஆண்டுதோறும் விளையும். எண்ணெயோ எடுத்தால் தீர்ந்தது. அதன்மீது அரசு பெறும் வரி வருமானம் போலத் தோன்றினும், மெய்யாகவே சொத்தை விற்ற பணம்தான்.

வடகடலில் 1969-இல் நார்வேயும் 1970-இல் பிரிட்டனும் பெரும் எண்ணெய் வளத்தைக் கண்டன. பிரிட்டன் 1975-இல் பெட்ரோலிய வருவாய் வரி விதித்தது. 1980-களின் நடுவில் பணம் குவிந்தது. வேலையற்றோரும் 30 இலட்சத்திற்கு மேலிருந்தனர். வந்ததெல்லாம் பொதுச் செலவில் கலந்து மறைந்தது. ஷெட்லாந்து தீவுகளின் மன்றமோ தனக்குக் கிடைத்ததில் ஒரு நிதியை அமைத்துக்கொண்டது. அன்றைய நெருக்கடி உண்மையே. ஆயினும் அதைக் காட்டி ஒரு சிறு பகுதியைக்கூடச் சேமியாது விட்டதை நியாயம் என நம்மால் கருத இயலவில்லை.

நார்வேயின் எண்ணெய்க் கொள்கையை வகுத்தவர்களில், 1968-இல் இராக்கின் பஸ்ராவிலிருந்து அங்கு குடியேறிய நிலவியல் அறிஞர் ஃபாரூக் அல்-காசிம் முக்கியமானவர். அந்நாடு 1990-இல் சட்டமியற்றி, 1996-இல் நிதியில் முதல் தொகையைச் செலுத்தியது. முதல் அப்படியே இருக்க, எதிர்பார்க்கும் ஆதாய அளவையே அரசு எடுக்கலாம் என்பது 2001-இல் வகுத்த நெறி. அவ்வளவு முதலில் 4 சதவீதம், 2017 முதல் 3 சதவீதம். ஏறத்தாழ அரைக்கோடி மக்களே வாழும் நாட்டின் அந்நிதி, 2019-இல் பத்து இலட்சம் கோடி குரோனரைத் தாண்டியது. அதன் கடன் பத்திரங்களில் வட்டி கலந்திருப்பது நமக்கு உடன்பாடன்று. அது தனியே பேச வேண்டியது.

வரி விகிதந்தான் காரணமோ என ஐயுற வேண்டாம். நார்வேயில் எண்ணெய் இலாபத்தின்மீது வரி 78 சதவீதம். கூடுதல் வரிகள் சேர்ந்து, 2024 நவம்பரில் பிரிட்டனிலும் அது 78 சதவீதமாயிற்று. அந்தப் பணமும் பொதுக் கருவூலத்திற்கே செல்கிறது. பிரிட்டனின் எண்ணெய் உற்பத்தியோ 1999-இல் உச்சம் தொட்டு, அதன்பின் பெரிதும் தேய்ந்துவிட்டது.